பிறந்தநாள் வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது? குமரி மாவட்டத்துக் கொடை மரபும் குழந்தைகளின் பரிசு மேசையும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் குழந்தையின் பிறந்தநாள் இன்று ஒரு மாலை விருந்தாக நிலைபெற்றுவிட்டது. அது வீட்டு முற்றத்திலோ, மொட்டை மாடியிலோ, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் போன்ற ஊர்களின் உணவகக் கூடங்களிலோ நடைபெறுகிறது. பேக்கரியில் சொல்லிவைத்த கேக், சுவரில் ஒட்டிய பலூன்கள், வாசலருகே பரிசுப் பொதிகளை வாங்கி அடுக்குவதற்கென ஒரு மேசை, விடைபெறும் குழந்தைகளுக்கு ‘ரிட்டர்ன் கிஃப்ட்’ எனப்படும் பதில் பரிசு ஆகியவை அவ்விருந்தின் உறுப்புகள். இவற்றுள் கேக்கும் பலூனும் அன்றோடு தீர்ந்துபோகின்றன; மேசை மட்டும் விருந்து முடிந்த பின்பும் அழைத்தவருக்கும் வந்தவருக்கும் இடையே ஒரு கணக்கைத் தொடங்கி வைக்கிறது. அம்மேசைக்கு மாற்றாக இம்மாவட்டத்தின் வழக்கங்களிலிருந்தே எவற்றை எடுத்தாளலாம் என்பதும், அவற்றுள் எவை குழந்தைக்கு நன்மை தரும், எவை நல்லெண்ணத்தோடு தொடங்கித் தீங்கில் முடியும் என்பதும் இங்கே ஆராயப்படுகின்றன.

பரிசு அன்பின் வெளிப்பாடு என்பதை மறுக்க வேண்டியதில்லை; ஆயினும் அன்பு மட்டுமே அதனை இயக்குவதில்லை. பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மோஸ், 1925ஆம் ஆண்டு வெளியான தமது கொடை பற்றிய ஆய்வில், கொடுக்க வேண்டிய கடமை, பெற்றுக்கொள்ள வேண்டிய கடமை, திருப்பிச் செய்ய வேண்டிய கடமை என்னும் மூன்றும் கொடையில் பிணைந்திருப்பதை எடுத்துக்காட்டினார். அவர் கூறியதற்குத் தமிழ்நாட்டில் கண்கூடான சான்று மொய். பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரங்களில் ஆடி மாதத்தையொட்டி நடைபெறும் மொய் விருந்துகளில், யார் யாருக்கு எவ்வளவு செய்தார் என்பது குறிப்பேட்டில் எழுதப்பட்டு, பின்னர் அவ்வாறே திருப்பிச் செய்யப்படுகிறது. தென்மாவட்டத் திருமணங்களில் வெற்றிலையோடு பணம் வைத்துக் கொடுக்கும் ‘சுருள்’ என்னும் வழக்கமும் இவ்வகையைச் சேர்ந்ததே. இவ்வழக்கங்களுக்கு ஒரு நியாயம் உண்டு: பெரும் செலவு வரும் வேளையில் ஊரும் உறவும் சேர்ந்து தோள் கொடுக்கின்றன, முறை வரும்போது அது திரும்பிச் செல்கிறது. ஐந்து வயதுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு அத்தகைய பெருஞ்செலவும் இல்லை, ஊர் தாங்க வேண்டிய சுமையும் இல்லை. இருந்தும் மொய்யின் கணக்கு மட்டும், எழுதப்படாமலேயே, அங்கு வந்து சேர்ந்துவிட்டது. சென்ற ஆண்டு அவர்கள் கொண்டுவந்த பொம்மையின் விலையை மனத்தில் கொண்டுதான் இவ்வாண்டு இவர்கள் கடைக்குச் செல்கின்றனர்.

இக்கணக்கின் சுமை முதலில் விழுவது வசதி குறைந்த வீட்டின் மீது. ஒரே வகுப்பில் படிக்கும் குழந்தைகளுள் ஒருவர் மருத்துவரின் மகளாகவும், மற்றவர் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளியின் மகனாகவும், இன்னொருவர் குளச்சல் கடற்கரையில் கட்டுமரம் செலுத்துபவரின் மகளாகவும் இருக்கும் நிலையில், அழைப்பு மூவருக்கும் ஒன்றாகவே செல்கிறது, ஆனால் மூன்று வீடுகளின் பணப்பையும் ஒன்றாக இருப்பதில்லை. பரிசு வாங்க இயலாத வீட்டார் பெரும்பாலும் அதனை வெளியே கூறுவதில்லை; காய்ச்சல் என்றோ, ஊருக்குப் போகிறோம் என்றோ கூறிக் குழந்தையை அனுப்பாமல் இருந்துவிடுகின்றனர். விருந்து கொடுத்தவருக்கு இது தெரிவதே இல்லை. குழந்தைகள் ஒன்றாக விளையாடுவதற்காகக் கூட்டப்படும் ஒரு மாலை, அவர்களுள் சிலரைச் சத்தமின்றி விலக்கிவிடுகிறது என்பதே பரிசு மேசையின் மீது சொல்லப்பட வேண்டிய முதன்மையான குறை.

இரண்டாவது குறை பொருளைப் பற்றியது. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையிலான 36 குழந்தைகளை ஒருமுறை நான்கு பொம்மைகளோடும், மறுமுறை பதினாறு பொம்மைகளோடும் விளையாட விட்டனர். பொம்மைகள் குறைவாக இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் நீண்ட நேரம், பல்வேறு விதமாக விளையாடினர் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆய்வு சிறியதே ஆயினும், ஒரே மாலையில் இருபது பொதிகளைப் பிரித்துவிட்டு அட்டைப் பெட்டியோடு விளையாடத் தொடங்கும் குழந்தையைக் கண்ட எவருக்கும் இது புதிதாக இராது. தரத்தைப் பொறுத்தமட்டில், இந்தியத் தரக் குழு 2019இல் இறக்குமதிப் பொம்மைகளைச் சோதித்தபோது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. அதன் பின்னரே, 2021 சனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. அலங்காரத் தெர்மாகோல், பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சி, இனிப்புப் பெட்டியைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள் ஆகியவை 2022 சூலை 1 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டவை என்பதும் பிறந்தநாள் நடத்துவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

இவ்வளவையும் கூறிய பின்னர், இம்மாவட்டத்தின் பழைய வழக்கங்களைத் திரும்பிப் பார்த்தால், பரிசு மேசை அவற்றோடு எவ்வளவு மாறுபட்டது என்பது விளங்கும். திருவிதாங்கூரோடு நெடுங்காலம் இணைந்திருந்து 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த இப்பகுதியில், கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டுக் கணக்கு இன்றும் முதியோர் நாவில் வழங்குகிறது. குழந்தையின் பிறந்தநாளும் மாதமும் நட்சத்திரமும் கொண்டே கணிக்கப்பட்டது. அந்நாளில் குழந்தையைக் குளிப்பாட்டிக் கோயிலுக்குக் கூட்டிச் சென்று, அதன் பெயரிலும் நட்சத்திரத்திலும் அர்ச்சனை செய்து, வீட்டில் பாயசம் வைத்து அண்டை வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவது வழக்கமாக இருந்தது. குழந்தைக்கு முதன்முதலாகச் சோறு கொடுக்கும் ‘சோறூட்டு’ச் சடங்கிலும், குழந்தையின் எடைக்கு எடை வாழைக்குலையோ சர்க்கரையோ தராசில் வைத்துக் கோயிலுக்கு வழங்கும் ‘துலாபாரம்’ என்னும் நேர்ச்சையிலும் பொருள் செல்லும் திசை ஒன்றே: குழந்தையின் வீட்டிலிருந்து வெளியே.

பிற சமயத்தாரிடமும் இத்திசை மாறவில்லை. சாமிதோப்பில் வாழ்ந்த அய்யா வைகுண்டரின் (1809–1851) வழியைப் பின்பற்றுவோர், ‘தாங்கல்’ எனப்படும் வழிபாட்டு இடங்களில் வேறுபாடின்றி எல்லோரும் அமர்ந்து உண்ணும் அன்னதர்மத்தை நடத்துகின்றனர். காணிக்கை கேளாமையை அவர் ஒரு நெறியாகவே வைத்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. மறைப்பணியாளர் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்ததிலிருந்து வேரூன்றிய சீர்திருத்தத் திருச்சபைகளில், பிறந்தநாள் காணும் குழந்தை ஞாயிறு வழிபாட்டில் முன்னே வந்து, தன் கையாலேயே பிறந்தநாள் காணிக்கையைப் பெட்டியில் இட, சபையார் அதற்காக வேண்டுதல் செய்கின்றனர். தக்கலை, கோட்டாறு, திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டணம் முதலிய ஊர்களின் இசுலாமியக் குடும்பங்களில் பிறந்தநாள் விருந்து பரவலான வழக்கமன்று. எனினும் குழந்தை பிறந்த ஏழாம் நாளில் ‘அகீகா’ என்னும் சடங்கை நடத்தி, மழித்த தலைமுடியின் எடைக்கு ஈடான வெள்ளியின் மதிப்பை ஏழைகளுக்கு அளித்து, இறைச்சியைப் பங்கிடுவது அவர்களின் மார்க்க வழக்கம். பள்ளி வகுப்பறையில் பிறந்தநாள் குழந்தை புத்தாடை உடுத்தி எல்லோருக்கும் மிட்டாய் கொடுப்பதில் இதே திசையின் எச்சத்தைக் காணலாம். நெதர்லாந்திலும் பிறந்தநாள் குழந்தையே வகுப்புத் தோழர்களுக்குத் தின்பண்டம் செய்து எடுத்துச் செல்கிறது. ஆகவே இதனை ஓர் ஊரின் பழைமைப் பற்று என்று ஒதுக்குவதற்கில்லை.

நான்கு மரபுகளிலும் குழந்தையின் நாள் என்பது குழந்தையின் கை கொடுக்கும் நாளாக இருந்துள்ளது. வெளிநாட்டு வருவாய், கடைகளின் பெருக்கம், கைபேசியில் படமெடுத்துப் பகிரும் பழக்கம் முதலிய பல காரணங்கள் சேர்ந்து, சென்ற இரண்டு மூன்று பத்தாண்டுகளில் அக்கையை வாங்கும் கையாக மாற்றிவிட்டன. எனவே மாற்றைத் தேடுவோர் புதிதாக எதனையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. திசையைத் திருப்பினால் போதும். ஆனால் அதற்குக் குறுக்கே ஒரு நல்ல பண்பாடு நிற்கிறது. குழந்தை இருக்கும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது தமிழர் எல்லோரும் அறிந்த ஒழுங்கு; ‘பரிசுகளைத் தவிர்க்கவும்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டாலும், விருந்தினருள் பாதிப்பேர் அவ்வொழுங்கை மீற மனமின்றி ஏதேனும் ஒன்றை வாங்கி வருவர், மீதிப்பேர் அவர்களைக் கண்டு கூச்சமடைவர். வெறும் மறுப்பு தோற்பது இதனால்தான். வட அமெரிக்காவில் சில பெற்றோர், ஒவ்வொரு குழந்தையும் ஐந்து டாலர் மட்டும் கொண்டுவர வேண்டும் என வரையறுத்து, சேர்ந்த தொகையில் ஒரே பொருளை வாங்கும் முறையைக் கடைப்பிடிக்கின்றனர். செலவு அங்கே குறைகிறது, ஆனால் கணக்கு அப்படியே இருக்கிறது. வருபவரின் கையில் எதைக் கொடுத்தால், அது விலையால் அளக்கப்படாமலும் வெறுங்கை என்னும் கூச்சம் இல்லாமலும் இருக்கும் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

குமரி மாவட்டத்தில் இக்கேள்விக்கு மிக எளிய விடையாகக் கிடைப்பது வாழை. மட்டி, ஏத்தன், செந்துளுவன், பாளையங்கோட்டன், பேயன், சிங்கன், மொந்தன் எனப் பல வகைகள் பயிராகும் மண் இது. இவற்றுள் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் சிறப்பாக விளையும் மட்டி, பால்குடி மாறும் குழந்தைக்கு ஊட்டும் பழமாக நெடுங்காலமாக அறியப்பட்டது, 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. புவிசார் குறியீடு என்பது, ஒரு பொருளின் தனித்தன்மை அது விளையும் இடத்தைச் சார்ந்தது எனச் சட்டப்படி ஒப்புக்கொள்ளும் பதிவு. தாய்மரத்தின் அடியில் முளைத்து, கூரிய குறுகலான இலைகளோடு நிற்கும் பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டால், ஏறத்தாழ ஓராண்டில் அது குலை தள்ளி முற்றும். வாழையின் வாழ்நாளும் குழந்தையின் ஓர் ஆண்டும் இவ்வாறு ஒத்துப்போவதால், ஒரு பிறந்தநாளில் நட்ட கன்றின் குலை அடுத்த பிறந்தநாளை ஒட்டி வெட்டுக்கு வருகிறது. அக்குலையைச் சீப்புச் சீப்பாகப் பிரித்துத் தோழர்களுக்குக் கொடுக்கும் குழந்தை, தான் தண்ணீர் ஊற்றி வளர்த்ததைத் தானே கொடுக்கிறது. கன்றுக்கு விலை ஏதும் பெரிதாக இல்லை. தோட்டமுள்ள வீடுகளில் அது பிடுங்கி எறியப்படுவதும் உண்டு. விருந்தினர் ஐவர் ஐந்து வகைக் கன்றுகளைக் கொண்டுவந்தால், குழந்தை அவ்வைந்து பெயர்களையும் கற்றுக்கொள்கிறது. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், பலாவுக்கும் அவ்வாறே. சிறு குழந்தையின் பொறுமைக்கு அவை நெடிய காலம் என்பதால், முதலில் வாழையில் தொடங்குவதே தக்கது. நிலமில்லாத நகர வீடுகளில் மட்டும் இது பொருந்தாது. அங்கே ஆளுக்கொரு சீப்புப் பழமோ, தோவாளைச் சந்தையில் வாங்கிய ஒரு பந்து பூவோ கொண்டுவரச் செய்து, பழத்தை எல்லோரும் உண்டு, பூவைக் குழந்தைகளே தொடுத்து மாலையாக்கலாம்.

பனையும் இவ்வாறே பயன்படும். பனையேற்றம் ஒருகாலத்தில் இம்மாவட்டத்தின் பெரும் வாழ்வாதாரங்களுள் ஒன்று; இன்று பனையேறிகள் குறைந்துவிட்டனர், எனினும் குருத்தோலையில் காற்றாடி, கிலுக்கு, பாம்பு, கிளி முதலியவற்றை நொடியில் முடைந்து தரும் முதியோர் ஊருக்கு ஒருவரேனும் இருக்கின்றனர். இரண்டு பனங்காய்களைக் கம்பில் கோத்து உருட்டும் பனங்காய் வண்டியைச் செய்வதற்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. அத்தகைய ஒருவரை அழைத்து, பலூன் அலங்காரத்துக்கு ஒதுக்கிய பணத்தை அவருக்கு உரிய ஊதியமாக அளித்து, குழந்தைகளை அவர் முன் அமர்த்தினால், விருந்துக்கான பொழுதுபோக்கும் விடைபெறும்போது எடுத்துச் செல்வதற்கான பொருளும் ஒன்றாகவே நிறைவேறிவிடுகின்றன. ஒவ்வொரு குழந்தையும் தான் செய்ததைத் தானே வீட்டுக்குக் கொண்டுசெல்வதால், தனியே பதில் பரிசு தேவைப்படுவதில்லை. ஊதியம் என்பதை இங்கு அழுத்திக் கூற வேண்டியுள்ளது. கைவினை அறிந்தவரை ‘சும்மா கொஞ்ச நேரம் வந்து காட்டுங்க’ என்று அழைப்பது அவரது தொழிலுக்கும் முதுமைக்கும் செய்யும் அவமதிப்பாகும்.

இம்மாவட்டத்தில் மராத்தி பேசும் கணிகர் குடும்பத்தார் வழிவழியாக நடத்திவரும் தோல்பாவைக்கூத்தும் இங்கு கருதத்தக்கது. ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகளை விளக்கொளியில் வெண்திரையின் பின்னே இயக்கி, ஒருவரே எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்து நிகழ்த்தும் இக்கலையை, நாகர்கோவில் நாட்டாரியல் ஆய்வாளர் அ.கா. பெருமாள் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். அதில் வரும் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் நகைச்சுவைப் பாத்திரங்களுக்குக் குழந்தைகள் சிரிப்பதற்கு எந்த விளக்கமும் வேண்டியதில்லை. ஒரு வீடு மட்டும் இதற்குரிய செலவை ஏற்பது கடினம். ஒரே மாதத்தில் பிறந்தநாள் காணும் நான்கைந்து குழந்தைகளின் வீட்டார் சேர்ந்து, பரிசுக்குச் செலவிடும் தொகையைத் திரட்டி, ஒரு மாலைக் கூத்துக்கு ஏற்பாடு செய்தால், தெருவே வந்து காணும்.

எந்தச் செலவும் இன்றிக் கொடுக்கக்கூடியது கதை. ஒவ்வொரு விருந்தினரும் தமது ஏழாவது வயதில் செய்த விளையாட்டு, பயந்த பேய், படித்த பள்ளி, நீந்திய குளம் ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றிப் பத்து நிமிடம் குழந்தைகளுக்குக் கூற வேண்டும் அல்லது வீட்டார் வைத்திருக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பது அழைப்பின் நிபந்தனையாக இருக்கலாம். பாட்டி, தாத்தா, பெரியம்மை, சித்தப்பா, அத்தை, மாமா ஆகியோரின் கையெழுத்தில் ஆண்டுதோறும் சேரும் அக்குறிப்பேடு, குழந்தை பதினெட்டு வயதை எட்டும்போது அதன் குடும்பத்தின் வரலாறாகவும், ஊரின் வரலாறாகவும் ஆகிவிடும். வள்ளத்தில் காயலைக் கடந்து பள்ளிக்குச் சென்றது, மாத்தூர்த் தொட்டிப்பாலம் 1960களில் எழும்பியபோது வேடிக்கை பார்த்தது, மொழிப் போராட்டக் காலத்தில் வீட்டில் பேசிக்கொண்டது போன்ற நினைவுகள் எந்த நூலகத்திலும் முழுமையாகக் கிடைப்பவை அல்ல. அவற்றை உடையவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். எழுத அறியாத முதியவர் சொல்ல, மூத்த குழந்தை ஒன்று எழுதலாம். இக்கட்டுரையில் கூறப்படும் மாற்றுகளுள் ஒன்றே ஒன்றை மட்டும் ஒரு குடும்பம் தெரிந்தெடுக்க முடியுமானால், தெரிந்தெடுக்கத்தக்கது இதுவே.

நூல்களைப் பொறுத்தவரை, பரிசாகப் புத்தகம் கொடுப்பது இப்போது ஓரளவு பரவியுள்ளது. அதனினும் எளியது, ஒவ்வொரு குழந்தையும் தான் படித்து முடித்த ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, வேறொன்றை எடுத்துச் செல்வது. 2011 கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காட்டு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பெற்ற மாவட்டத்தில், அதற்குரிய புத்தகங்கள் வீடுகளில் இல்லாமல் இராது. இல்லாத வீட்டுக் குழந்தைக்கு நூலகம் இருக்கிறது: 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவான பொது நூலகங்களில் குழந்தையை உறுப்பினராக்குவதற்கான தொகை மிகச் சிறியது, ஆயிரம் ரூபாய் செலுத்தினால் குழந்தையின் பெயரிலேயே நூலகப் புரவலர் ஆகவும் வழியுண்டு. தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை குழந்தைகளுக்கென எழுதிய பாடல்களை அவ்வூர்க் குளக்கரையிலேயே அமர்ந்து உரக்கப் படிக்கும் வாய்ப்பு, நாஞ்சில் நாட்டுக் குழந்தைகளுக்கு மட்டுமே எளிதில் வாய்ப்பது. அதே குளம் சுசீந்திரம்–தேரூர் சதுப்புநிலத் தொகுதியின் பகுதியாக 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்க்கப்பட்டது. ஐப்பசி முதல் மாசி வரை பிறந்தநாள் வரும் குழந்தைகளுக்கு, வலசை வரும் பறவைகளையும் அங்கேயே இருக்கும் கூழைக்கடாவையும் நாரையையும் காணும் ஒரு காலைப்பொழுது, கட்டுச்சோற்றோடு, மிகச் சிறந்த விருந்தாக அமையும்.

அடுத்து, பள்ளிக்குக் கொடுப்பது. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின் வழியாக, காமராசர் ஆட்சியில் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, பள்ளிக்கு வேண்டிய பலகை, மேசை, கட்டடம் முதலியவற்றை ஊராரே மனமுவந்து அளிக்கச் செய்தார். தாய்மாமன் சீர் கொண்டுவருவதைப் போலப் பள்ளிக்குத் தேவையான பொருள்களைத் தாம்பாளங்களில் ஏந்தி ஊர்வலமாகக் கொண்டுசெல்லும் ‘கல்விச் சீர்’ அண்மைக் காலத்தில் தமிழகப் பள்ளிகள் பலவற்றில் காணப்படுகிறது. குசராத்தில் தோன்றிப் பின்னர் நடுவண் அரசின் பள்ளிச் சத்துணவுத் திட்ட நெறிமுறைகளிலும் இடம்பெற்ற ‘திதி போஜனம்’ என்பது, பிறந்தநாள் போன்ற நாள்களில் பொதுமக்கள் பள்ளிக் குழந்தைகளுக்குச் சிறப்பு உணவு வழங்கும் முறை; அது அன்றாடச் சத்துணவுக்கு மேல் கூடுதலாக அமைய வேண்டுமேயன்றி அதற்கு மாற்றாக அமையக் கூடாது என்பது விதி. தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு, பள்ளிக்கு உண்மையில் எது தேவையோ அதனைக் கொடுப்பதும், உணவாயின் அன்றே சமைத்ததைக் கொடுப்பதும், பிறந்தநாள் குழந்தையும் மற்றவர்களோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்பதும் இதில் கவனிக்க வேண்டியவை.

ஆதரவற்றோர் இல்லத்துக்குச் சென்று பிறந்தநாள் கொண்டாடும் வழக்கத்தை இதனோடு ஒன்றாகக் கருதலாகாது. அங்கு வாழும் குழந்தைகள், முன்பின் அறியாத ஒரு குழந்தையின் கேக்கைச் சுற்றி நின்று கைதட்டிப் பாடவும், உணவு பெறும் தருணத்தில் படத்துக்கு முகம் காட்டவும் செய்யப்படுகின்றனர். அவர்களுக்கும் பிறந்தநாள் உண்டு என்பதும், அவர்களுள் சிலருக்கு அந்நாள் எது என்றே தெரியாது என்பதும் அங்கே மறக்கப்படுகின்றன. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளிப்படுத்துவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது; அவர்களின் படங்களைச் சமூக ஊடகத்தில் இடுவோர் பலர் இதனை அறியார். இல்லங்களுக்கு உதவ விரும்புவோர், அங்கே குறைவாக உள்ளவை எவை எனக் கேட்டறிந்து, பிறந்தநாளைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல் அவற்றைச் சேர்ப்பித்துவிட்டு வருவதே அறம்.

உறவினர் பலர் சேர்ந்து மிதிவண்டி போன்ற ஒரே பயனுள்ள பொருளை வாங்குவதும், பெண் குழந்தையாயின் அஞ்சலகத்தில் ஆண்டுக்கு 250 ரூபாய் முதல் செலுத்தக்கூடிய செல்வமகள் சேமிப்புக் கணக்கில் சேர்ப்பதும் நெருங்கிய உறவுக்குள் நல்லவையே. பள்ளித் தோழர்களின் வீடுகளுக்கு அவற்றை விரித்தால், மீண்டும் மொய்யில்தான் போய் முடியும்.

இவை அனைத்திலும் குழந்தையின் ஒப்புதல் இன்றியமையாதது. பொம்மைக்காக ஆண்டு முழுவதும் காத்திருந்த ஆறு வயதுக் குழந்தையிடம், விருந்து நாளன்று, ‘இந்த வருசம் உனக்கு ஒண்ணும் கிடையாது, நாம கொடுக்கத்தான் போறோம்’ என்று அறிவிப்பது பெற்றோர் தம் நற்பெயரைக் குழந்தையின் செலவில் ஈட்டுவதாகும். மாதங்களுக்கு முன்பே அதனோடு பேசி, அது விரும்பும் ஒரு பொருளைப் பெற்றோரோ தாத்தா பாட்டியோ வாங்கித் தருவதாகக் கூறி, மற்றவர் எதைக் கொண்டுவரலாம் என்பதை அதையே தெரிந்தெடுக்கச் செய்ய வேண்டும். பேரப்பிள்ளைக்குப் பாட்டி கொடுப்பதை எவரும் தடுக்க வேண்டியதில்லை. அதற்குக் கணக்கு கிடையாது. ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் மாற்றிவிட முடியாமற்போனாலும், பொதிகளை விருந்தினர் முன்னிலையில் பிரிக்காமல் இருப்பது என்னும் ஒரு சிறு ஒழுங்கைக் கடைப்பிடித்தாலே, விலை குறைந்த பொதியைக் கொண்டுவந்த குழந்தை தலைகுனிவதைத் தவிர்க்கலாம்.

அழைப்பிதழின் வாசகம் இதில் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ‘பரிசுகள் வேண்டாம்’ என்னும் ஒற்றை வரியை விடுத்து, ‘வரும்போது உங்கள் தோட்டத்து வாழைக்கன்று ஒன்றோ, உங்கள் சிறு வயதுக் கதை ஒன்றோ கொண்டுவாருங்கள், வேறு எதுவும் கொண்டுவந்தால் பிள்ளை வாங்கிக்கொள்ளாது’ என்று உரிமையோடு எழுதினால், வருபவருக்கு ஐயமும் கூச்சமும் நீங்கும். ஆனால் இதனை முதலில் எழுதும் கடமை எல்லா வீடுகளுக்கும் ஒன்றாக இல்லை. வசதி குறைந்த வீட்டார் இவ்வாறு எழுதினால், ஊர் அதனை இயலாமை என்றே படிக்கும். வசதியுள்ளவர் எழுதினால் அது வழக்கமாகிவிடும். ஆகவே இம்மாவட்டத்தின் ஆசிரியர்களும், மருத்துவர்களும், அரசு அலுவலர்களும், வெளிநாட்டில் பொருளீட்டும் குடும்பத்தினரும் தத்தம் பிள்ளைகளின் அடுத்த பிறந்தநாள் அழைப்பில் அவ்வரியை எழுதத் தொடங்க வேண்டும்.